இரட்டைக் குழந்தைகளும் என் திருத்தமும்

நவம்பர் 2, சனி

காலையிலிருந்து தூறல். கல்லறைத் திருநாள். என் கணவரின் கல்லறைக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி கொண்டு போனேன். காற்றுக்கு நின்று எரிந்தது இரண்டுதான். ஒரு கையில் குடை, மறு கையில் ஜெபமாலை. பக்கத்துக் கல்லறையில் பிளாஸ்டிக் பூ. நாற்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர், தேயிலையின் மணத்தை வைத்தே மழை எப்போது பெய்தது என்று சொல்லுவார். பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். பொறுத்துக்கொள்ளட்டும்.

வீட்டு வேலைகள்: காஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். கிறிஸ்மஸ் கேக்குக்கு உலர்ந்த முந்திரிகைப் பழம், சீனிப் பாகில் காய்ச்சிய பூசணி தோசி, இஞ்சிப் பாகு. ஸ்டெல்லா பண்டாரவளையிலிருந்து இரண்டு முறை தொலைபேசி (தொ.பே.) அழைப்பு. தன் பழங்கள் போன வாரமே பிராந்தியில் ஊறிவிட்டனவாம். கேட்காமலே சொன்னாள். தங்கை என்றால் அப்படித்தான்.

பல் வலி இல்லை. தேவனுக்கு நன்றி.

நவம்பர் 4, திங்கள்

மழை விட்டது. நர்சிங் ஹோமுக்கு நடந்தே போனேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருப்பேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். வாரத்தில் மூன்று காலைகள் கோடிங். நோய், பிரசவம், தையல் எல்லாவற்றுக்கும் ஓர் எழுத்தும் சில இலக்கங்களும். கோப்பைப் படித்து, சரியான இலக்கத்தைப் போட வேண்டும். படிக்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

எனக்கு முன்னால் இருந்த பையன் செய்த வேலை இன்றும் ஒன்று அகப்பட்டது. இரட்டைப் பிரசவம். தாயின் தாளில் போட வேண்டியது இஸட் 37.2, அதாவது பிரசவத்தின் விளைவு இரட்டையர், இருவரும் உயிருடன். பிள்ளைகளின் தாளில் இஸட் 38.3, மருத்துவமனையில் பிறந்த இரட்டையரில் ஒருவர். அவன் தாய்க்குரியதை மூன்று தாளிலும் போட்டிருக்கிறான். அந்தக் கணக்கின்படி, பிறந்து ஒரு நாளே ஆன பெண் குழந்தை இரட்டைப் பிள்ளை பெற்றிருக்கிறாள். அவளுடைய தங்கையும் அப்படியே. திருத்தினேன். டாக்டர் அம்மாவிடம் காட்டினேன். காகிதக் கட்டில் தலை வைத்துச் சிரித்தார். பேர் பெற்ற மகப்பேற்று நிபுணர், சிங்களவர், என்னோடு ஆங்கிலத்தில்தான் பேச்சு. என் ஆங்கிலம் கன்னியர் மடத்தில் படித்த ஆங்கிலம் என்பது அவருக்குப் பிடிக்கும்.

அடுத்த கோப்பு: கவிதா. பசறைக்கு அப்பால் ஒரு தோட்டம். கணவன் தோஹாவில் வேலை. அவன் கம்பெனியின் காப்புறுதி என்பதால் இங்கே வந்தாள். இரட்டைப் பெண் குழந்தைகள், சிசேரியன். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டாள். ஓ 84.2, பல குழந்தைகள், அனைத்தும் சிசேரியன். சுலபமான கோப்பு என்று நினைத்தேன்.

சுலபமில்லை.

பிரசவத்துக்கு முன் எடுத்த ஸ்கேனில்: குழந்தை 1, இடப்பக்கம், தலை கீழே. இடது சிறுநீரகத்தில் நீர் கட்டியிருக்கிறது; பிறந்தபின் மறுபடி ஸ்கேன் அவசியம். குழந்தை 2, வலப்பக்கம், குறுக்கே. குறையில்லை.

ஆபரேஷன் குறிப்பில்: முதலில் எடுத்தது வலப்பக்கம் குறுக்கே கிடந்த குழந்தை. கால் வெட்டுக்கு நேராக இருந்ததால். பிறகு இடப்பக்கத்துக் குழந்தை.

அப்படியானால் ஸ்கேனில் ஒன்றாக இருந்தவள் பிறப்பில் இரண்டு. ஆனால் பிள்ளைகளின் கார்டை எழுதியவர்கள், ஸ்கேனின் ஒன்றையும் பிறப்பின் ஒன்றையும் ஒரே பிள்ளை என்று எடுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை சிறுநீரக ஸ்கேன், முதலில் பிறந்தவளின் கார்டில், 'மூத்தவள்' என்ற குறிப்போடு, எழுதப்பட்டிருக்கிறது. நீர் கட்டிய பிள்ளையின் கார்டில் தடுப்பூசித் திகதி மட்டும்.

மூன்று முறை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காம் முறை.

மாலையில் பாடகர் குழு ஒத்திகை. கீழ்க்குரல் ஆல்ட்டோ பெண்கள் இன்றும் அரைச் சுருதி கீழே.

நவம்பர் 5, செவ்வாய்

மூட்டம். முதல் வேலையாக ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் சுமதியைப் பிடித்தேன். அன்று குழந்தைகளைக் கையில் வாங்கியவள் அவள்தான்.

"ஆமா மிஸ், காலைப் பிடிச்சுத்தான் மொத பிள்ளைய எடுத்தாங்க. கத்தின கத்துல மாஸ்க்கே கழண்டு போயிருச்சு எனக்கு. ரெண்டாவது பிள்ளை பாவம், ரொம்ப அமைதி."

டாக்டர் அம்மாவும் பார்த்தார். சிரிக்கவில்லை. என் கண் கூர்மைக்கு நன்றி என்றார். கார்டின் நகலில் திருத்தி, கையொப்பமிட்டார். வீட்டில் இருக்கும் கார்டுக்கு என்ன செய்வது? நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

கவிதாவின் நம்பருக்கு அடித்தேன். எடுத்தது அவளுடைய நாத்தனார் செல்வமணி. கணவனின் அக்கா. தேயிலைக் கொழுந்தெடுப்பவள். இப்போது லீவு போட்டுவிட்டுத் தம்பி மனைவியைப் பார்த்துக்கொள்கிறாள். குரல் மலைக்கு மறுபுறம் வரை கேட்கும்.

"கார்டு மாறிவிட்டது. வியாழக்கிழமை ஸ்கேனுக்கு மூத்தவளைக் கொண்டு வர வேண்டாம். இளையவளைத்தான் கொண்டு வர வேண்டும்," என்றேன்.

"சின்னவளையாங்க? அவளுக்கு ஒரு கொறையும் இல்லீங்களே. பூனைக்குட்டி மாதிரி பாலை இழுக்கிறா. பெரியவ தான் கொஞ்சம் சிணுங்குறா."

"சிணுங்குவது வேறு. ஸ்கேன் இளையவளுக்கு. திருப்பிச் சொல்லுங்கள்."

"வியாழக்கிழமை சின்னவளக் கொண்டாரணும். பெரியவ வேணாம்."

"இன்னொரு முறை."

"என்னங்க, காலையில வேலைக்கு முந்தி பெரட்டுல பேரு கூப்பிடுற மாதிரி கேக்குறீங்க. சின்னவ. சின்னவ. சின்னவ. போதுமா?"

போதும் என்றேன். தவறில்லாமல் ஒப்பித்தாள். இந்த வேலையை வேறு யாரிடமும் விட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காக முடிந்திருக்காது. கர்வம் பாவம் என்று தெரியும். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

காஸ் வந்தது. தூக்கி வந்தவன் சமையலறை வரை செருப்போடு.

நவம்பர் 6, புதன்

மழை, மழை. வேலை நாள் இல்லை. பழம் நறுக்கினேன். இஞ்சிப் பாகு கடையில் வாங்கியது, சரியில்லை, நார்.

பசறை வீதியில் மண் சரிந்து ஒரு பக்கம் மட்டும் வாகனம் விடுகிறார்கள் என்று வானொலி. நாளை அந்தப் பிள்ளை வருமா?

நவம்பர் 7, வியாழன்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலை நல்ல வெயில். நேரத்துக்கு முன்பே செல்வமணி வந்துவிட்டாள். கவிதாவுக்குத் தையல் வலி, வீட்டில் மற்றப் பிள்ளையோடு. இவள் மட்டும் போர்வைக்குள் குழந்தையும், சுமதி சொல்லிக் கொடுத்தபடி பீச்சியெடுத்த பாலும், கிண்ணமும் கரண்டியுமாக. பஸ்ஸில் மூன்று பேர் எழுந்து இடம் கொடுத்தார்களாம்.

ஸ்கேன் டாக்டர் வாரம் ஒரு முறைதான் வருவார். மதியத்துக்கு மேல் வேறு ஊர். குழந்தையைப் பார்த்தார். இரண்டு சிறுநீரகமும் சுத்தம். நீரே இல்லை. தானாகச் சரியாகிவிட்டிருக்கும், சில பிள்ளைகளுக்கு அப்படி ஆவதுண்டு என்றார். சுமதி கை தட்டினாள். நான் செல்வமணியை என் அறையில் உட்கார வைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கணினியில் "குறை நீங்கியது" என்று போட விரல் வைத்திருந்தேன்.

செல்வமணி குழந்தைக்குக் கரண்டியால் பால் புகட்டிக்கொண்டே பேச்சு.

"இவ கொடுத்து வச்சவ. அக்காவுக்கு முந்தி டவுனப் பாத்துட்டா."

"ஆமாம், வெளியே முதலில் வந்தவள் வீட்டில்தானே இருக்கிறாள்," என்றேன்.

"இல்லீங்களே. மொதல்ல வந்தவ இவ தான். அதனால தான சின்னவ."

எனக்குப் புரியவில்லை. முதலில் வந்தவள் எப்படிச் சின்னவள் ஆவாள் என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வை, சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல.

"என்னம்மா நீங்க, படிச்சவங்க. பசறை பஸ்ல மொதல்ல ஏறுனவ எங்க போய் ஒக்காருவா? பின்னால. கடைசியா ஏறுனவ கதவுகிட்ட நிப்பா. எறங்குறப்ப யாரு மொதல்ல எறங்குவா? கதவுகிட்ட நின்னவ. வயித்துலயும் அப்படித்தாங்க. மொதல்ல உண்டானவ உள்ளுக்குள்ள இருப்பா, கடைசியா வெளிய வருவா. அவ தான் மூத்தவ. எங்க சித்தி பிள்ளைகளுக்கும் இப்படித்தான் வச்சோம். தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்."

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இரட்டையர் இருந்ததில்லை. என் கணவர் வேலை செய்த தோட்டத்தில் அத்தனை வருடம் இருந்தும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்படியென்றால் ஸ்கேன் பார்த்தது குறையே இல்லாத பிள்ளையை. நீர் கட்டியவள் வீட்டில்.

"வீட்டில் இருப்பவள் எப்படி இருக்கிறாள்?"

"அதாங்க சொன்னேனே, சிணுங்குறா. நேத்துலருந்து பாலு சரியா இழுக்கல. ஒடம்பு சுடுது. குளிர் பட்டிருக்கும்னு துணி சுத்தி வச்சிருக்கோம்."

தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. டாக்டர் அம்மாவின் அறைக்குக் கதவு தட்டாமல் போனேன். என் வாழ்க்கையில் கதவு தட்டாமல் ஓர் அறைக்குள் போனது இதுவே முதல் தடவை. சொன்னேன். இத்தனை சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல், சிறுநீரகத்தில் நீர். உடனே கொண்டு வரச் சொல்லுங்கள் என்றார்.

செல்வமணி தொ.பே.யில் கத்தினாள்.

"கவிதா, பெரியவளத் தூக்கிட்டுக் கெளம்பு. கேள்வி கேக்காத. மேட்டு லயத்து வீட்டு ராசு ஆட்டோவக் கூப்பிடு. தையல் வலிச்சா ராசுகிட்ட மெதுவா ஓட்டச் சொல்லு. இல்ல, மெதுவா வேணாம். வேகமாவே வரச் சொல்லு."

ஸ்கேன் டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் சலுகை கேட்கிறவள் இல்லை. காத்திருக்க முடியுமா என்று கேட்டேன். அடுத்த ஊரில் ஆட்கள் வரிசையில் இருப்பார்கள் என்றார். நியாயம்தான். "தவறு என்னுடையது, டாக்டர். நான்தான் இளையவளைக் கொண்டு வரச் சொன்னேன்," என்றேன். என்னைப் பார்த்தார். பையைத் திறந்தார். அடுத்த ஊருக்குத் தொ.பே. செய்து, தாமதமாகும் என்று சொன்னார். பிறகு, சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். என் மதிய உணவைக் கொடுத்தேன். தேங்காய்ச் சம்பலில் உப்பு குறைவு என்றார். குறைவுதான்.

காத்திருப்பு. மண் சரிந்த இடத்தில் வாகனங்களை மாற்றி மாற்றித்தான் விடுவார்கள். செல்வமணி வாசலில் நின்றாள். நான் உள்ளே நடந்தேன். சின்னவள் என் மேசையில் போர்வைக்குள் தூங்கினாள், எதைப் பற்றியும் கவலையில்லாமல். ஜெபம் சொல்ல நினைத்து, வார்த்தைகள் முன்பின்னாக வந்தன.

ஆட்டோ வந்தபோது மழை மறுபடி. கவிதா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைக் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் ஷீட்டுக்குள் சுற்றி வைத்திருந்தாள். பிள்ளை அழவே இல்லை. அதுதான் பயம்.

ஸ்கேன்: இடப்பக்கம் வீக்கம். அன்றைய படத்தில் இருந்ததைவிட அதிகம். சிறுநீரில் கிருமி. பெரிய ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டுக்கு உடனே அனுப்பினார்கள். டாக்டர் அம்மா தன் காரிலேயே கூட்டிப் போனார். சின்னவளும் கூடவே, பால் கொடுக்க வேண்டுமே.

ஏறும்போது கவிதா என்னிடம் கேட்டாள். "நல்லாயிருவாளா அம்மா?"

பிள்ளையைச் சுற்றியிருந்த ஷீட்டின் ஓரத்தை மடித்து விட்டேன்.

நவம்பர் 8, வெள்ளி

மழை இல்லை. காலை 6 மணித் திருப்பலி. திரும்பி வரும்போதே செல்வமணியின் அழைப்பு.

"ஊசி மருந்து ஏறுதுங்க. விடிய காய்ச்சல் எறங்கிருச்சு. இப்பதான் பால் குடிச்சா. கொஞ்சம்தான். ஆனா குடிச்சா."

வீதி ஓரத்திலேயே நின்றேன். பிறகு பேக்கரிக்குப் போய், எதற்கென்று தெரியாமல் மீன் வைத்த மாலு பணிஸ் ஆறு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டில் இருந்த தாய்மார்கள் சாப்பிட்டார்கள்.

வேலை நாள் இல்லாவிட்டாலும் நர்சிங் ஹோமுக்குப் போய்க் கோப்பில் நடந்ததை எழுதினேன். யார் என்ன சொன்னது, யார் என்ன புரிந்துகொண்டது, எந்தப் பிள்ளை. என் பெயரையும். வெள்ளை மை பூசி மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நவம்பர் 9, சனி

வெயில். பழத்துக்குப் பிராந்தி ஊற்றிக்கொண்டிருக்கும்போது தலையில் உறைத்தது.

நான் திருத்தாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

தவறாக எழுதிய கார்டில் மூத்தவளுக்கு ஸ்கேன் என்று இருந்தது. கார்டைப் படித்த செல்வமணி, தன் கணக்கின்படி மூத்தவளை, அதாவது கடைசியாக வந்தவளை, அதாவது சரியான பிள்ளையைக் கொண்டு வந்திருப்பாள். ஆஸ்பத்திரியின் பிழையும் தோட்டத்தின் வழக்கமும் ஒன்றையொன்று நேராக்கியிருக்கும். குறுக்கே புகுந்து, மூன்று முறை ஒப்பிக்க வைத்து, கெடுத்தவள் நான்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். தனி வீட்டில் ஒரு கிழவி சிரித்தால் அயலார் என்ன நினைப்பார்கள். ஸ்டெல்லாவுக்குத் தொ.பே. செய்து சொன்னேன்.

அவள் சிரித்து முடிக்கவே நேரம் எடுத்தது. "அக்கா, சின்ன வயசுல என் சாக்ஸைக்கூட நீ திருத்தி மாட்டிவிடுவ. இடது வலது இல்லாத சாக்ஸ்."

"ஆனால் காய்ச்சல் என்று கேட்டதும் கதவு தட்டாமல் ஓடினேன்," என்றேன்.

"அது சரி. அதுக்காகக் கேக்ல ரெண்டு துண்டு கூடத் தாறேன்."

தன் கேக்கைத்தான் சொல்கிறாள்.

பாவசங்கீர்த்தனம்: சொன்னேன். பாதர் பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் கொடுத்தார். பிறகு, இரட்டையரில் யார் மூத்தவர் என்று அவரே கேட்டார்.

நவம்பர் 11, திங்கள்

மூட்டம், குளிர். டாக்டர் அம்மாவோடு பேசினேன். சிசேரியனில் இரட்டைக் குழந்தை, அதற்கு மேலும் என்றால், இனி ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும் மூன்று விஷயம்: ஸ்கேனில் எந்தப் பக்கம், வெளியே எத்தனையாவது, வீட்டில் யாரை மூத்தவர் என்கிறார்கள். மூன்றாவதற்குக் கணினியில் இடமில்லை. குறிப்புப் பகுதியில் எழுதலாம் என்றேன். இலங்கையில் வேறெங்கும் இப்படி ஒரு குறிப்பு இருக்காது என்றார். இருக்க வேண்டும் என்றேன். வீட்டுக்கு அனுப்பும்போது பிள்ளைக்கு ஒரு நிறமாகக் காலில் கட்டும் பட்டையை மாதம் ஒன்று ஆகும் வரை கழற்றக்கூடாது என்றும் முடிவு.

சுமதியும் ஒன்று சேர்த்தாள். "மிஸ், போன்ல கேக்கிறப்ப மூத்தவ இளையவன்னு சொல்லாம, பட்டையில என்ன நிறம்னு கேட்டா என்ன?"

நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து: காய்ச்சல் இல்லை. மருந்து இன்னும் சில நாள். ஆபரேஷன் இப்போது தேவைப்படாது, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா என்று மட்டும் கவனித்து வர வேண்டும் என்று பிள்ளை டாக்டர். கவிதா துணி நனைந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாளாம். தூங்குவதில்லையாம்.

நவம்பர் 14, வியாழன்

நாள் முழுதும் தூறல். அந்த ஸ்கேன் டாக்டர் இன்று வந்தார். என் அறைக்கு வந்து, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. உப்பு சரியாக.

ஆல்ட்டோ முன்னேற்றம். சோப்ரானோ மோசம்.

நவம்பர் 16, சனி

பெரியவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், சுமதி போய்க் கட்டிவிட்ட நீலப் பட்டையோடு. செல்வமணியின் தகவல். பேசும்போது பின்னால் இரண்டு பிள்ளைகளின் அழுகை. இரண்டு.

நவம்பர் 19, செவ்வாய்

வெயில், காற்று. கிறிஸ்மஸ் கேக் நாளை சுடுவேன்.

இன்று கவிதாவும் செல்வமணியும் வந்தார்கள், இரண்டு பிள்ளைகளோடு. டாக்டர் அம்மா தையலைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். கவிதாவின் முகம் இன்னும் வெளுப்பு. நேற்றிலிருந்து பெரியவளின் துணி சரியாக நனையவில்லை என்று பயம். காற்றுக் குளிருக்கா, மறுபடியும் நீர் கட்டுகிறதா என்று தெரியவில்லை. வழி முழுக்கத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"நீங்களே ஒருக்கா பாருங்கம்மா," என்று பிள்ளையை என் மடியில் வைத்தாள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. நேராக உட்கார்ந்து பிடித்தேன். முன்பைவிடக் கனம். என்னையே பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். முகம் சிவந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு புரிந்தது. முழங்கால் வரை, பிறகு செருப்பு வரை, சூடாக.

"ஐயையோ, ஒங்க சீலை," என்றாள் செல்வமணி. "கஞ்சி போட்ட சீலைங்களே. குடுங்க, குடுங்க."

"பேசாமல் இருங்கள். முடிக்கட்டும்," என்றேன்.

முடித்தாள். நிதானமாக. கவிதா இரு கைகளாலும் வாயை மூடிக்கொண்டாள். முதலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்புதான்.

"எந்தப் பிள்ளை? சரியாகச் சொல்லுங்கள்," என்றேன்.

"பெரியவ தாங்க."

"எந்தக் கணக்கில்?"

"எங்க கணக்குல பெரியவ. ஒங்க கணக்குல ரெண்டாவது. நீலப் பட்டை," என்றாள் செல்வமணி. "இன்னொருக்கா ஒப்பிக்கட்டுமா?"

வேண்டாம் என்றேன். பிள்ளையை ஒரு கையில் வைத்தபடியே கோப்பை எடுத்துக் குறிப்புப் பகுதியில் எழுதினேன். சிறுநீர்: தாராளம். பார்த்தவர்: நான்.